சுரைக்காய் விழுந்த ஸ்கிரீன்

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் பக்கத்து வீட்டு மெர்சி புஷ்பம் வந்தாள். பொங்கலுக்குத் தெருக்களுக்கிடையே நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் கீழத் தெருப் பெண்கள் அணிக்கு அவள்தான் தலைவி. போன வருடம் மேலத் தெருக்காரிகள் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்களாம்.

"அதைப் பாத்தே பாதி தோத்துட்டோம் டீச்சர். மீதியத்தான் கயித்துல தோத்தோம்."

இந்த வருடம் நமக்கும் வேண்டும் என்கிறாள். கோவில்பட்டியில் அச்சடிக்கிற கடை எதிலும் பொங்கல் முடியும்வரை புது வேலை எடுக்க மாட்டார்களாம்.

"நாமே வீட்டில் அடிப்போம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் எட்டாம் வகுப்புக்கு ஒளியும் நிழலும் நடத்தியவள் என்ற தைரியமாக இருக்கலாம். அடுக்களையிலிருந்து ஆவுடை எட்டிப் பார்த்தாள்.

"மதினி, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது. ஞாபகம் வச்சுக்கிடுங்க."

ஆவுடை என் நாத்தனார். ஐம்பத்து மூன்று வயது. வரன்கள் வந்தன, போயின, பிறகு வருவது நின்றது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கு இந்த வீடு சரியாக இருக்கிறது.

டிசம்பர் 4, புதன்

பழைய ஜன்னல் கதவின் சட்டத்தை அறுத்து ஒரு சதுரம் செய்தேன். அதில் கொசு வலையை இழுத்து ஆணி அடித்தேன். அட்டையில் கயிற்று முடிச்சுப் படம் வெட்டி, அடியில் வைத்து, மேலே மையை ஊற்றித் தேய்த்தேன். மை சாம்பார் மாதிரி இறங்கியது. கயிற்று முடிச்சு காக்கைக் கூடு ஆகிவிட்டது. ஆவுடை அந்தத் துணியை அடுப்படிக் கரித்துணியாக எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 6, வெள்ளி

விசாரித்ததில், மதுரையில் ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடை ஒன்றின் எண் கிடைத்தது. கடைக்காரர் பெயர் ஜம்புலிங்கம். கொசு வலை என்றதும் சிரித்துவிட்டார்.

"டீச்சர், அது கொசுவுக்கே பெரிய ஓட்டை. மைக்கு எம்மாத்திரம்?"

நல்ல வலைத் துணி, வெளிச்சத்தில் கெட்டியாகும் பசை, மை தள்ளுகிற ரப்பர்க் கட்டை எல்லாம் பஸ்ஸில் போட்டு விடுவதாகச் சொன்னார். படம் அனுப்பி விளக்க வாட்ஸ்அப் எண் கேட்டார். என் போன் பழைய பட்டன் போன். அதோடு என் கை எப்போதும் மையாக இருக்கிறது. ஆவுடையின் எண்ணைக் கொடுத்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

பார்சல் வந்தது. புதுச் சட்டத்தில் துணியை இழுத்து அடித்துவிட்டோம். இதற்குப் பெயர்தான் ஸ்கிரீன். தட்டினால் உறுமி மாதிரிச் சத்தம் வருகிறது.

அதன் மேல் பூசுகிற பசை பச்சை நிறம். இதை ஆவுடைக்குப் புரியவைக்க நல்ல உதாரணம் ஒன்று கிடைத்தது. "வடாம் மாதிரி நினைத்துக்கொள். வெயில் பட்ட இடம் காய்ந்து கெட்டியாகும். கறுப்பு மையில் வரைந்த தாளை மேலே வைத்தால் அந்தக் கோடுகளின் நிழலில் இருக்கிற இடம் மாவாகவே இருக்கும். தண்ணீர் விட்டால் மாவு கரைந்துபோகும். அந்த வழியாக மை இறங்கும்."

"அம்புட்டுத்தானா?" என்றாள். உதாரணம் நன்றாக இருந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

பசை பூசிய ஸ்கிரீன் இருட்டில் காய வேண்டும். ஸ்டோர் ரூம்தான் சரி. அதன் சின்ன ஜன்னலைப் பழைய குடைத் துணியால் மூடினேன். ஸ்கிரீன் காயும்போது கதவைத் திறந்து போடக் கூடாது என்று ஆவுடையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தாளை ஸ்கிரீனோடு அழுத்திப் பிடிக்கக் கண்ணாடி வேண்டும். கூடத்தில் மாட்டியிருக்கும் அவர் படத்திலிருந்து கழற்றினேன்.

"அண்ணன் கண்ணாடியவா?" என்று ஆவுடை வாயைப் பொத்தினாள்.

"உன் அண்ணன் உயிரோடு இருந்தால் அவரே கழற்றித் தந்திருப்பார்." உண்மைதான். கண்ணாடி இல்லாமல் முகம் இன்னும் தெளிவாக இருக்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் பசை பூசி ஸ்டோர் ரூமில் வைத்தேன். மத்தியானம் மொட்டை மாடியில் வெயில் காட்டிவிட்டுத் தண்ணீர் அடித்தேன். நடுவில் மட்டும் கயிறு கொஞ்சம் தெரிந்தது. சுற்றிலும் ஒன்றும் கரையவில்லை. "கீழத் தெரு" என்ற எழுத்தில் "த்" மட்டும் வந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

மழை. இடைவிடாத மழை.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. ஆவுடை இருட்டோடு எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போட்டிருக்கிறாள். பூசணிப் பூவுக்கு எங்கே போனாள் என்று தெரியவில்லை. பின்னலை விட்டுவிட்டு உச்சியில் கொண்டை போட ஆரம்பித்திருக்கிறாள். அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. நேராக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் மதினி, இப்படியே நல்லாத்தான் இருக்காம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்பதற்குள் பால்காரர் மணி அடித்தார்.

இரண்டாவது ஸ்கிரீனும் போச்சு. அதே போல நடுவில் மட்டும் படம்.

ஜம்புலிங்கத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லும் முன்பே, "ஆமா, த் மட்டும் வந்துச்சாமே" என்று சிரித்தார். ஆவுடை ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். பொறுப்பானவள். வெயிலில் வைக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார்.

டிசம்பர் 18, புதன்

குறைத்தேன். அதே கதி.

டிசம்பர் 19, வியாழன்

கூட்டினேன். மோசம்.

டிசம்பர் 21, சனி

ஒரு பையன் கணக்கில் எப்போதும் தவறு செய்தால் விடையைப் பார்க்கக் கூடாது, அவன் எந்த வரியில் தடுமாறுகிறான் என்று பார்க்க வேண்டும். நான் எந்த வரியில் தடுமாறுகிறேன்? பசை பழையதா? ஜம்புலிங்கம் சத்தியம் செய்கிறார். தண்ணீர் உப்பா? குடிதண்ணீரில் கழுவினேன், ஆவுடையிடம் திட்டு வாங்கினேன். "வெளிச்சம் எங்கயாவது ஒழுகுதா டீச்சர்?" என்று ஜம்புலிங்கம் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். குடைத் துணி ஆடாமல் அசையாமல் இருக்கிறது. கதவும் சாத்தித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் புரியவில்லை. ஸ்டோர் ரூமில் பவுடர் வாசனை வருகிறது. எலிக்கு மருந்து வைத்தாயா என்று ஆவுடையைக் கேட்டேன். "எலிக்கா?" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. எனக்கும் சிரிப்பு வந்தது, எதற்கென்று தெரியாமலே.

திங்களன்று ஒரு சோதனை செய்யப் போகிறேன். பசை பூசி, ஸ்டோர் ரூமில் காயவைத்து, வெயிலே காட்டாமல் நேராகக் கழுவிப் பார்ப்பேன். வெளிச்சம் படாத பசை முழுவதும் கரைந்தோட வேண்டும். இதுதான் நியாயம்.

டிசம்பர் 23, திங்கள்

நியாயப்படி நடக்கவில்லை. வெயிலே காணாத ஸ்கிரீனில் பசை கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் மட்டும் கரைந்து ஓர் உருவம் விழுந்தது. மேலே சின்ன உருண்டை, கீழே அகலம், உச்சியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த காம்பு. பெரிய சுரைக்காய்.

ஆவுடை பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஏட்டுச் சுரைக்காய்னு" என்றாள். பிறகு ஏனோ பேச்சை மாற்றிப் புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.

டிசம்பர் 25, புதன்

மெர்சி கேக் கொண்டுவந்தாள். அந்தச் சுரைக்காய் ஸ்கிரீனில் கறுப்பு மை விட்டு ஒரு பழைய தலையணை உறையில் அடித்துக் கொடியில் காயப் போட்டிருந்தேன். வீணாகப் போனதைக்கூட அடித்துப் பார்ப்போமே என்றுதான். மெர்சி அதன் முன்னால் நின்றாள்.

"இது யாரு டீச்சர்?"

"யாருமில்லை. சுரைக்காய்."

"சுரைக்காய்க்குத் தோள் இருக்குமா?"

அவள் போன பிறகு நானும் வெகுநேரம் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாணவர்களிடம் நூறு முறை சொல்லியிருக்கிறேன், நிழல் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு பொருளும் அதற்கும் முன்னால் ஒரு வெளிச்சமும் இருக்க வேண்டும் என்று. சுரைக்காய் தானாக விழாது.

கேக்கில் முந்திரி அதிகம்.

டிசம்பர் 27, வெள்ளி

பசை பூசி வைத்துவிட்டு, மாடிக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர்க் கட்டையை எடுக்கக் கீழே வந்தேன். எடுக்கத்தான் வந்தேன்.

ஸ்டோர் ரூம் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. கதவுக்கு அடியில் வெள்ளைக் கோடு மாதிரிப் பகல் வெளிச்சம். உள்ளே ஆவுடையின் குரல்.

"...இங்க வெயில் உச்சில இருக்கு, அதான் மூஞ்சி பளிச்சுனு தெரியுது... போங்க, எனக்கென்ன இருபது வயசா..."

எதிர்ப்பக்கம் ஓர் ஆண் குரல் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கொசு வலைக்குச் சிரித்த சிரிப்பு.

வகுப்பறைக் கதவைத் தட்டி நான் நுழைந்ததே இல்லை. இன்று கையை உயர்த்திவிட்டு இறக்கிக்கொண்டேன். மாடிக்குத் திரும்பிப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். ரப்பர்க் கட்டை மாடியிலேதான் இருந்தது.

டிசம்பர் 28, சனி

காலைக் காப்பியின்போது கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. "ஸ்டோர் ரூம் ஜன்னல் துணியை யார் தூக்குவது?" என்றேன்.

ஆவுடை டம்ளரைக் கீழே வைத்தாள். "கதவைத்தானே திறக்கக் கூடாதுன்னீக. நான் கதவைத் தாழே போட்டுட்டேன் மதினி. ஜன்னலப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"வெளிச்சம் பட்டால் பசை கெட்டுவிடும் என்று சொன்னேனா இல்லையா?"

"கெட்டிப்படும்னுதான் சொன்னீக. வடாம் மாதிரின்னீக. வடாம் காயணும்ல? கொஞ்சூண்டு வெயில் பட்டா உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியுமேன்னு..."

அவள் மேல் ஒரு தவறும் இல்லை. உதாரணத்தின் மேல்தான் தவறு.

பிறகு அவளே சொன்னாள். ஜம்புலிங்கம் மனைவியை இழந்தவர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. முதலில் ஸ்கிரீனைப் பற்றித்தான் பேசினார்களாம். பிறகு குழம்பைப் பற்றி. பிறகு எதைப் பற்றியும். மார்கழியில் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது, தை பிறந்ததும் அக்காவைக் கூட்டிக்கொண்டு முறையாக வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை வாயைத் திறக்க வேண்டாம் என்று இவள் முடிவு செய்திருக்கிறாள்.

"உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல மதினி. மார்கழியில பேச்சு எடுத்தா முறிஞ்சிருமோன்னு பயம். எனக்கு வந்ததெல்லாம் முறிஞ்சுதானே போச்சு."

"நல்லது" என்றேன். "நல்லது" என்று இன்னொரு முறையும் சொன்னேன். எனக்கு இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மதுரை என்ன, பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆவுடை ஜன்னலைப் பார்த்து உட்காருகிறாள். அவளுக்குப் பின்னால் பச்சை ஸ்கிரீன், முழு வெளிச்சத்தில். போனில் அது தெரிந்திருக்க வேண்டும். காலமெல்லாம் அதையே தொழிலாகச் செய்கிற மனிதர் அதைக் கவனிக்காமல், என்னிடம் மட்டும் வெளிச்சம் ஒழுகுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன அர்த்தம்? ஒன்று, அவருக்குத் தொழில் தெரியாது. அல்லது, சாமான் இன்னும் விற்கட்டும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார். இரண்டில் எது என்றாலும் ஆவுடையை எப்படி அனுப்புவது? எந்தக் கதவைத் தட்டினாலும் குழப்பம்தான் திறக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

ஆவுடை போன் பேசும் இடம் இப்போது முருங்கை மரத்தடி. ஸ்கிரீன் முதல்முறையாக ஒழுங்காக விழுந்தது. கயிறு, முடிச்சு, கீழத் தெரு, எல்லாம் வந்தது.

மெர்சியும் அணிப் பெண்களும் வந்துவிட்டார்கள். ஒருத்தி டி-ஷர்ட்டைப் பலகையில் மாட்டுவாள், நான் மையை இழுப்பேன், ஆவுடை உலர்ந்ததற்கு மேல் பேப்பர் வைத்து இஸ்திரி போடுவாள். "டீச்சர், எனக்கு எக்ஸ்எல் பத்தாது, கயித்தை விட நான்தான் கனம்" என்று ஒருத்தி. கொடி முழுவதும் மஞ்சள் டி-ஷர்ட். வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அந்த வார்த்தையை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கியது. சாயங்காலம் கயிறு இழுத்தோம். நானும் கடைசியில் நின்று பிடித்தேன். தோற்றோம். "இந்தத் தடவை கயித்துல மட்டும்தான் தோத்தோம் டீச்சர்" என்று மெர்சி மண்ணோடு எழுந்து நின்றாள்.

ஜனவரி 15, புதன்

ஜம்புலிங்கம் தன் அக்காவோடு வந்தார். பூ, பழம், கருப்பட்டி. உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், இல்லை. விரல் நகங்களுக்குள் நீல மை. தொழில் தெரியாதவர் இல்லை.

ஆவுடை காப்பி எடுக்கப் போனபோது அந்தத் தலையணை உறையைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தேன். "இது என்னவென்று சொல்லுங்கள்." பரீட்சை வைப்பது என் ரத்தத்தில் இருக்கிறது.

தொழில்காரர் என்றால் வெளிச்சம் ஒழுகியிருக்கிறது என்று சொல்வார். அதற்குமேல் என்ன சொன்னால் நான் திருப்தி அடைவேன் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

அவர் துணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரலால் அந்தக் காம்பைத் தடவினார்.

"கொண்டை இந்தப் பக்கம் சாயாது டீச்சர். அந்தப் பக்கம். ஸ்கிரீனைக் கவுத்துப்போட்டு அடிச்சதுல திரும்பிருச்சு."

"அவளை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறீர்கள். ஸ்கிரீன் அவள் பின்னாலேயே நின்றதே, ஏன் சொல்லவில்லை?"

அவர் முகம் வெயில் பட்ட பசை மாதிரி நிறம் மாறியது. "பின்னாடி பச்சையா ஏதோ பலகைன்னு இருந்துட்டேன் டீச்சர். சத்தியமா. வெளிச்சம் எங்க ஒழுகுதுன்னு உங்கள நச்சரிச்சுட்டு, நானே..." அவர் அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். "இவன் சாப்பாட்டுத் தட்டைக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டை பாக்கிறவன், டீச்சர்."

ஆவுடை காப்பித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"எங்களுக்குச் சம்மதம்" என்றேன். குரல் கொஞ்சம் கரகரத்தது. மேலத் தெருவைப் பார்த்துக் கத்தியதால்.

ஜனவரி 30, வியாழன்

கழுகுமலைக் கோயிலில் கல்யாணம். மெர்சி அணி முழுவதும் பட்டுச் சேலையில் வந்து பந்தியைக் கவனித்தது. ஆவுடை வேனில் ஏறும்போது, "மதினி, புளி மேல் தட்டுல இருக்கு. வடாம் நீல டப்பால" என்றாள். "சரி, சரி" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்து அவர் படத்தில் திரும்ப மாட்டினேன்.

பிப்ரவரி 8, சனி

காப்பி அதிகமாகிவிடுகிறது. கை பழைய அளவிலேயே தூளைப் போடுகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேலத் தெருக்காரிகள் வந்தார்கள்! மகளிர் தினத்துக்கு டி-ஷர்ட் வேண்டுமாம். மெர்சியிடம் கேட்டேன். "அடிச்சுக் குடுங்க டீச்சர், ஆனா மை கொஞ்சம் மங்கலா" என்றாள்.

போன வாரம் பூசிய ஸ்கிரீனை இன்று வெயில் காட்டிக் கழுவினேன். நாள் கணக்கில் ஸ்டோர் ரூமில் இருந்தது. யாரும் நுழையவில்லை, யாரும் துணியைத் தூக்கவில்லை. ஒவ்வொரு கோடும் ஊசி போலத் தெளிவு. இதுவரை செய்ததில் இதுதான் சிறந்தது. ஜம்புலிங்கமே நூற்றுக்கு நூறு போடுவார். ஆனால் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஏன் சந்தோஷமே வரவில்லை என்று புரியவில்லை. எங்கேயோ ஒரு வரியில் தடுமாறுகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மெர்சி எனக்கு ஒரு டச் போன் வாங்கி வந்து, அதில் எல்லாம் போட்டுக் கொடுத்தாள். பச்சைப் பொத்தானைத் தொட்டால் முகம் தெரியுமாம்.

இரண்டாவது ஸ்கிரீனுக்குப் பசை பூசி ஸ்டோர் ரூமில் சாய்த்து வைத்தேன். மத்தியானம் உள்ளே போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன். கூடத்திலோ மாடியிலோ பேசியிருக்கலாம்தான். ஜன்னல் துணியின் ஓரத்தைத் தூக்கிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, ஆவுடைக்குப் போட்டேன்.

"மதினி! நீங்களா? பளிச்சுனு தெரியுறீகளே!" கடையில் நிற்கிறாள். கொண்டை அப்படியே சாய்ந்திருக்கிறது. விரலெல்லாம் மை. என்னென்னவோ கேட்டாள். சாப்பிட்டீகளா, முட்டி வலி எப்படி, புளி கிடைச்சுதா. நானும் என்னென்னவோ சொன்னேன். திடீரென்று போனைக் கண்ணருகே கொண்டு போனாள்.

"மதினி, உங்க பின்னாடி பச்சையா நிக்குதே, அது ஸ்கிரீனா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏதோ பலகை" என்றேன். "நீ சொல்லு."